எந்தப் பாலம் நல்ல பாலம்?

மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்து ஸான் அன்டோனியோ நகரில் இருக்கிறார்கள். டிசம்பர் விடுமுறைக்கு இவரும் அங்கே போகிறார். வந்த மாமியாரை வீட்டிலேயே உட்கார்த்தி வைப்பானேன் என்று மாப்பிள்ளை ஒரு திட்டம் போட்டிருக்கிறார். எல்லோருமாகக் காரில் ஏறி மெக்ஸிகோ நாட்டுக்குள் போய், மான்டெரே நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள மலைகளையும் பார்த்துவிட்டு வருவதாம். "கையில் மூன்று வயதுப் பேரன். பத்திரிகையில் படிக்கிற சமாசாரங்களோ வயிற்றைக் கலக்குகின்றன. எந்த வழியாகப் போனால் பயமில்லை என்று கேட்டேன். 'போனே வழி சொல்லும், அத்தை, நீங்கள் கவலைப்படாதீர்கள்' என்கிறார் மாப்பிள்ளை. நீங்களாவது சொல்லுங்கள்" என்று முடிக்கிறார் அந்த அம்மாள்.

போன் வழி சொல்லும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் அது சொல்வது சீக்கிரமாகப் போகும் வழியை. பத்திரமாகப் போகும் வழி எது என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஸான் அன்டோனியோவில் இருந்துகொண்டு 'மான்டெரே' என்று தட்டினால், நேர் தெற்கே லாரேடோ என்ற ஊருக்குக் கொண்டுபோகும். அங்கே ஊர் நடுவில் இருக்கும் பாலத்தில் ஏற்றி, அக்கரையில் நுவேவோ லாரேடோ பட்டணத்துத் தெருக்களுக்குள் இறக்கிவிட்டாலும் விடும். விஷயமெல்லாம் அந்த ஒரு திருப்பத்தில்தான் இருக்கிறது.

இது யாரோ ஒரு வீட்டுக் கவலை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ பிள்ளையோ பெண்ணோ இல்லாத தெரு இன்று சென்னையில் அபூர்வம். உத்தியோக விசாவில் இருக்கும் நம்மவர்கள், முத்திரையைப் புதுப்பிக்க இந்தியா வரை வராமல், மெக்ஸிகோவில் உள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகங்களுக்குப் போய்வந்த காலம் ஒன்று இருந்தது. 2025 செப்டம்பரில், அவரவர் சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விசாவுக்கு மனுச் செய்ய வேண்டும் என்று அமெரிக்க சர்க்கார் சொல்லிவிட்டது. ஆகவே இப்போது போகிறவர்களில் பெரும்பாலோர் ஊர் பார்க்கப் போகிறவர்கள். வேலையாகப் போகிறவன் நாலு பேரை விசாரித்துவிட்டுப் போவான். உல்லாசமாகப் போகிறவனோ வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொள்வதுபோல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

இரு நாட்டுக்கும் நடுவே எல்லை ஏறக்குறைய 3,145 கிலோமீட்டர். டெக்ஸாஸ் பக்கத்தில் ஓர் ஆறுதான் எல்லை. அமெரிக்கர்கள் அதை ரியோ கிராண்டே என்பார்கள். அக்கரைக்காரர்கள் ரியோ பிராவோ என்பார்கள். ஆகவே டெக்ஸாஸில் எல்லைக் கதவு என்றால் பாலம். மேற்கே போகப் போகப் பெரும்பாலும் வறண்ட நிலத்தில் போட்ட சாவடிகள். எல்லாம் சேர்ந்து ஐம்பதுக்குச் சற்று முன்பின்னாக வரும்.

சாவடியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இடம் தெரியாமல் பயப்படுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். சாவடியில் விளக்கு இருக்கிறது, உத்தியோகஸ்தர் இருக்கிறார், சிப்பாய் இருக்கிறான். அங்கே உங்களை யாரும் ஒன்றும் செய்யப் போவதில்லை. சாவடி தாண்டி முதல் ஒரு மணி நேரப் பாதை இருக்கிறதே, அதைத்தான் பார்க்க வேண்டும். அது எந்த மாகாணத்தில் ஓடுகிறது? எந்த ஊருக்குள் நுழைந்து வெளியே வருகிறது? அந்த நேரத்தில் வெயில் இருக்குமா, இருட்டிவிடுமா? பாலத்தைப் பொறுக்குவது என்றால் உண்மையில் அந்தப் பாதையைப் பொறுக்குவதுதான். பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது பெண்ணை மட்டுமா பார்க்கிறோம்?

லாரேடோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936-ல் நுவேவோ லாரேடோவிலிருந்து மெக்ஸிகோ நகரம் வரை பெரிய மோட்டார் சாலை திறந்தார்கள். அதன் பிறகு பல வருஷங்கள், அமெரிக்கக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு தெற்கே போன ராஜபாட்டை அது. அதே வாசல் இன்று யோசித்துக் கால் வைக்க வேண்டிய வாசலாகிவிட்டது. காரணம், அது தமௌலிபாஸ் மாகாணத்தில் இருக்கிறது. போதை மருந்துக் கும்பல்கள் அங்கே சாலைகளுக்காகவும் ஊர்களுக்காகவும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கின்றன. ஆளைக் கடத்திப் பணம் கேட்பதும் உண்டு. அமெரிக்க வெளிநாட்டு இலாகா மெக்ஸிகோவின் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனியே எச்சரிக்கைப் படி ஒன்று போட்டு வைத்திருக்கிறது. நாலாம் படி என்றால் 'போகவே வேண்டாம்' என்று அர்த்தம். தமௌலிபாஸ் பல வருஷங்களாக அந்த நாலாம் படியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 2023 மார்ச் மாதத்தில் தெற்குக் கரோலினாவிலிருந்து நான்கு அமெரிக்கர்கள் ஒரு வாடகை வேனில், பிரவுன்ஸ்வில் என்ற ஊரில் பாலத்தைக் கடந்து அதே மாகாணத்து மட்டமோரோஸ் பட்டணத்துக்குள் போனார்கள். அவர்களில் ஒரு பெண்மணிக்கு அங்கே அறுவை சிகிச்சை செய்துகொள்ள ஏற்பாடு. பட்டப்பகல். துப்பாக்கிக்காரர்கள் வண்டியை மறித்துச் சுட்டு, நால்வரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். இருவர் உயிரோடு மீண்டார்கள். இருவர் பிணமாக வந்தார்கள். அந்தத் தெருவில் இருந்த மெக்ஸிகோப் பெண் ஒருத்தியும் குண்டு பட்டு மாண்டாள். இத்தனையும் டெக்ஸாஸ் கரையிலிருந்து கொஞ்ச தூரத்துக்குள்.

அப்படியானால் நம் மாம்பலத்து அம்மாள் மான்டெரேக்குப் போகவே கூடாதா? போகலாம். லாரேடோ ஊரிலிருந்து வடமேற்கே அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓட்டினால் இன்னொரு பாலம் வருகிறது. அதன் பெயர் கொலம்பியா பாலம். (தென் அமெரிக்காவில் இருக்கும் கொலம்பியா நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாப்பிள்ளை 'கொலம்பியா வழியாகப் போகிறோம்' என்று சொன்னால் மயக்கம் போட்டு விழ வேண்டாம்!) இது தமௌலிபாஸில் இறங்குவதில்லை, மான்டெரேயைத் தலைநகராகக் கொண்ட நுவேவோ லியோன் மாகாணத்தில் இறங்குகிறது.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. நுவேவோ லியோனுக்கு ஆற்றங்கரையே கிடையாது. இரு புறமும் அண்டை மாகாணங்கள் கரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. 1892-ல் அதன் கவர்னர், பக்கத்துக் கோவாஹுயிலா மாகாணத்தோடு நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொண்டு, ஆற்றங்கரையில் சுமார் பதினைந்து கிலோமீட்டர் வாங்கிச் சேர்த்தார். கொல்லைப்புறத்தில் சந்து வேண்டும் என்று அடுத்த வீட்டுக்காரரோடு மனை மாற்றிக்கொள்வோமே, அந்த மாதிரி. சந்து மட்டும் கிடைத்து நூறு வருஷம் வரை வாசல் இல்லை. 1991-ல்தான் பாலம் கட்டித் திறந்தார்கள். சரக்கு லாரிகளுக்காகவே பெரும்பாலும் கட்டியது. இன்று குடும்பங்களுக்கும் அதுவே ஆபத்பாந்தவனாக இருக்கிறது. பட்டணத் தெருவுக்குள் நுழையாமல், வெட்ட வெளியில் இறங்கி, மான்டெரே போகும் டோல் சாலையில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். காருக்கான பர்மிட் ஆபீஸும் அங்கேயே இருக்கிறது. ஆனால் ராத்திரி முழுவதும் திறந்திருக்கும் பாலம் அல்ல. நேரம் பார்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

இந்தப் பாலத்தில் போய்விட்டால் தெய்வமே துணை என்று நிச்சிந்தையாக இருக்கலாமோ? அதுவும் கூடாது. 2021-ல் மான்டெரேக்கும் நுவேவோ லாரேடோவுக்கும் இடையிலான அந்தச் சாலையில் போனவர்கள் பலர் காணாமல் போனார்கள், நாடே அல்லோலகல்லோலப்பட்டது. அதற்குப் பிறகு காவல் போட்டார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மெக்ஸிகோக்காரர்களே டிசம்பரில் ஊருக்குப் போகும்போது லாரேடோவில் ஒன்று கூடுகிறார்கள். நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே வரிசையாக, காவல் வண்டிகளின் துணையோடு தெற்கே கெரெத்தாரோ மாகாணம் வரை போகின்றன. கூரையில் சைக்கிள், மெத்தை, பாட்டிக்கு வாங்கிய தையல் மிஷின் எல்லாம் கட்டியிருக்கும். சொந்த ஊருக்குப் போகிறவர்களே தனியாகப் போவதில்லை என்றால், பாஷை தெரியாத நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாளும் கிளம்பும் நாள் காலையும் மான்டெரேயிலும் நுவேவோ லாரேடோவிலும் உள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகங்களின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். சாலையில் தகராறு என்று போட்டிருந்தால் பயணத்தை நாளைக்குத் தள்ளுங்கள். ஓட்டல் பணம் போனால் போகட்டும்.

போனுக்கும் ஒரு வைத்தியம் உண்டு. 'மான்டெரே' என்று மொட்டையாகப் போடாமல், முதலில் 'கொலம்பியா பாலம்' என்று போட்டு அங்கே போய்ச் சேர வேண்டும். அக்கரையில் இறங்கிய பிறகு மறுபடி போட்டு, டோல் சாலை வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டோல் சாலைக்கு அங்கே 'குவோட்டா' என்று பெயர். இலவசச் சாலைக்கு 'லிப்ரே'. இலவசம் என்றதும் நம் மனம் இளகும், இளக வேண்டாம். குவோட்டாவில் வேலி உண்டு, மாடு குறுக்கே வருவது குறைவு. லிப்ரேயிலோ ஊருக்கு ஊர் 'தோப்பே' என்ற ஸ்பீட் பிரேக்கர் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். டோலுக்கு பெஸோவாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுவிட்டால் 078 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் 'பச்சைத் தேவதைகள்' வருவார்கள். பச்சை வர்ண டிரக்கில் வந்து ரிப்பேர் செய்து கொடுக்கும் சர்க்கார் மெக்கானிக்குகள் இவர்கள். 1960-லிருந்து இருக்கிறார்கள். கூலி கிடையாது, ஸ்பேர் பார்ட்டுக்கும் பெட்ரோலுக்கும்தான் காசு.

மான்டெரேக்குப் போகாமல் இன்னும் தெற்கே, நடு மெக்ஸிகோவின் பழைய கோயில் நகரங்களைப் பார்க்கப் போகிறவர்களில் பலர், ஈகிள் பாஸ் என்ற ஊரில் ஆற்றைக் கடந்து கோவாஹுயிலாவில் இறங்குகிறார்கள். அங்கிருந்து 57-ம் எண் சாலை மெக்ஸிகோ நகரம் வரை ஓடுகிறது. தமௌலிபாஸ் பக்கமே போக வேண்டியதில்லை. எல் பாசோவில் இருப்பவர்களுக்கு எதிரே ஹுவாரெஸ் என்ற பெரிய பட்டணம். அதற்குள் புகாமல் போக, ஊருக்கு மேற்கே நியூ மெக்ஸிகோவில் ஸாண்டா தெரேஸா என்று ஒரு சாவடி இருக்கிறது. சுற்றுத்தான், ஆனால் நெரிசல் குறைவு. கலிபோர்னியாக்காரர்களுக்கு ஸான் இஸித்ரோ. அங்கே போகும்போது காற்றாகப் போகலாம். திரும்பும்போது இரண்டு மூன்று மணி நேரம் வரிசையில் நின்று வியர்க்கலாம். கிழக்கே ஓட்டே மேசா, டெகாட்டே என்று வேறு சாவடிகளும் உண்டு. எங்கே எவ்வளவு வரிசை என்று அமெரிக்க எல்லை இலாகாவே அவ்வப்போது போனில் தெரிவிக்கிறது.

அரிஸோனாவில் உள்ளவர்கள் கடல் பார்க்க வேண்டுமானால் லூக்வில் சாவடி வழியாகப் புவேர்ட்டோ பென்யாஸ்கோவுக்குப் போவார்கள். எல்லையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர், ஒரே சாலை, கார் பர்மிட்டும் தேவையில்லை. ஆனால் காலை 6 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். எட்டேகாலுக்கு வந்து நின்று கெஞ்சினால் திறக்க மாட்டார்கள். அப்படி நேரமாகிவிட்டால், வேறு சாவடி தேடி இருட்டில் நூறு மைல் ஓட்டாமல், இன்னொரு ராத்திரி அந்தக் கடற்கரையிலேயே தங்குவதுதான் உத்தமம். சாவடி திடீரென்று பல நாள் மூடப்படுவதும் உண்டு. 2023 டிசம்பர் 4-ந் தேதி மூடிய லூக்வில், 2024 ஜனவரி 4-ந் தேதிதான் திறந்தது.

நேரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு. காலையில் கடக்க வேண்டும். சூரியன் இருக்கும்போதே ஓட்டலில் பெட்டியை இறக்கிவிட வேண்டும். மெக்ஸிகோவில் உத்தியோகம் பார்க்கும் அமெரிக்க சர்க்கார் ஆட்களுக்கே, இருட்டிய பிறகு ஊர் விட்டு ஊர் போகக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது. ஸான் அன்டோனியோவிலிருந்து லாரேடோவே இரண்டரை மணி நேரம். குழந்தைக்குப் பால் கொடுத்து, அம்மா குளித்துக் காப்பி குடித்து, பத்து மணிக்குக் கிளம்பினால் கணக்கு உதைக்கும். முந்தின நாளே லாரேடோவுக்குப் போய், அமெரிக்கக் கரையில் தூங்கி எழுந்து, பாலம் திறந்ததும் ஏறுவதுதான் சரி.

இனி காகித சமாசாரம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மெக்ஸிகோ விசா வேண்டும்; ஆனால் காலாவதியாகாத அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் அது வேண்டாம். நம் வீடுகளில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மாப்பிள்ளையின் முத்திரை சரியாக இருக்கும்; மகளுடையது முடிந்து போயிருக்கும். எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஒவ்வொரு தேதியையும் நீங்களே கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். போவதைவிடத் திரும்பி உள்ளே வருவதற்குத்தான் அது முக்கியம். சந்தேகம் இருந்தால் விசா வக்கீலைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

அமெரிக்கக் கார் இன்ஷூரன்ஸ் அங்கே செல்லாது. மெக்ஸிகோ இன்ஷூரன்ஸ் தனியாக வாங்க வேண்டும், சட்டமே அப்படி. அது இல்லாமல் விபத்து நேர்ந்தால், தப்பு யாருடையது, யார் பணம் கொடுப்பது என்று தீரும் வரை ஓட்டினவரைப் போலீஸ் பிடித்து வைக்கலாம். வாடகைக் காராக இருந்தால், பல கம்பெனிகள் எல்லை தாண்டவே சம்மதிப்பதில்லை. எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

இன்னொன்று, இதைப் படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள். காரின் ஸீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் கையைவிட்டுத் தேடுங்கள். டெக்ஸாஸில் துப்பாக்கி வைத்திருப்பது நம் ஊரில் குடை வைத்திருப்பது மாதிரி. சிநேகிதரிடம் டிரக்கை இரவல் வாங்கினால், உள்ளே ஒரு தோட்டா கிடக்கலாம். மெக்ஸிகோவில் அந்த ஒரு தோட்டாவே ஜெயிலுக்குப் போதும். 2014-ல் அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்த ஓர் இளைஞர், ஸான் இஸித்ரோ அருகே தெரியாமல் எல்லைச் சாலையில் திரும்பிவிட்டேன் என்றார். வண்டியில் மூன்று துப்பாக்கிகள். ஏழு மாதம் அங்கே சிறையில் இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தார். 'இதுவே கடைசித் திருப்பம்' என்ற பலகையைத் தாண்டிவிட்டால் பின்வாங்க வழி கிடையாது.

திரும்பி வரும் பாலத்தையும் புறப்படும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். எல்லையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போகும் காருக்குப் பொதுவாகப் பர்மிட் வேண்டும். பாஹா கலிபோர்னியாவுக்கும் சோனோரா மாகாணத்தின் ஒரு பகுதிக்கும்தான் விலக்கு. பர்மிட்டுக்காக ஒரு முன்பணம் கட்ட வேண்டும். 2007-ம் வருஷத்துக்குப் பிந்தின காராக இருந்தால் 400 டாலர். காரை வெளியே கொண்டுவரும்போது மெக்ஸிகோக் கரையிலேயே அந்த ஆபீஸில் நிறுத்தி, பர்மிட்டை ரத்து செய்தால்தான் பணம் திரும்பும். எல்லாச் சாவடியிலும் அந்த ஆபீஸ் கிடையாது. வீடு திரும்பும் அவசரத்தில் பாலத்தில் ஏறிவிட்டால், ரத்து செய்ய மறுபடி ஆற்றைக் கடந்து வர வேண்டியதுதான். காரை நிறுத்தச் சொல்லி நினைவுபடுத்த வேண்டியது பின் ஸீட்டில் இருக்கும் நீங்கள். ரத்து செய்ததும் ரசீது கொடுப்பார்கள். அதை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கணக்கில் ஏறிவிட்டது என்று மாப்பிள்ளை சொன்ன பிறகு கிழித்துப் போடலாம்.